மாரிக்குப்பம் வண்டியில் வருகிறவர்களுக்கு



விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டி ஏறி பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு அதே வண்டியில் திரும்பி வருகிற உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். என்னை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைனில் பிறந்தவன் நான். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற டிம்பர்மேன் ஒருவரின் மகன். இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு சாவுக்கு வரவேண்டியிருந்தது. நேரே பங்காரப்பேட்டையில் இறங்கியிருக்கலாம். பெங்களூரில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்ததால் அங்கே போய்விட்டு, சாயங்காலம் உங்களோடு உங்கள் வண்டியில் வந்தேன்.

உட்கார இடம் கிடைத்ததே அதிசயம். தலை நரைத்தவன் என்று பார்த்து, செக்யூரிட்டி சட்டை போட்ட ஒருவர் எழுந்து இடம் விட்டார். எதிரில் நாலு பேர் மடியில் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். பங்காரப்பேட்டையில் வண்டி நின்றதும், யாரோ தட்டி எழுப்பியதுபோல் விழித்துக்கொண்டு போனை எடுத்தாள். “ஊருக்கு வந்துட்டேம்மா. தண்ணி காய வெய்யி.” அவ்வளவுதான் பேச்சு. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று வண்டி நின்று நின்று போனது. அவள் சொன்ன முதல் சொல் மட்டும் என்னை விடவில்லை.

ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் ஊருக்கு வெளியே இருக்கிறவள் அவள். வேலை அங்கே, சம்பளம் அங்கே, சாப்பாட்டு டப்பா திறப்பது அங்கே. இங்கே வருவது தூங்கத்தான். அப்படியும் பங்காரப்பேட்டையைத் தொட்டதுமே அவளுக்கு ஊர் வந்துவிட்டது. ஊரில் சுரங்கம் இல்லை, சங்கு இல்லை, சம்பள நாள் இல்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது. அவள் அதற்குப் பிறகு பிறந்தவளாகவே இருக்க வேண்டும். பிறகு எதை வைத்து இது அவளுக்கு ஊர்?

இந்தக் கேள்வியோடு ஆவடிக்குத் திரும்பினேன். விடை தெரிந்து எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

நம் தாத்தாவின் தாத்தாக்கள் இருந்த இடத்தில் ‘ஊர்’ என்ற சொல் நமக்கு உரியதாக இருக்கவில்லை. குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர், ஆற்காடு, அந்தப் பக்கம் சித்தூர் என்று எங்கிருந்து கிளம்பி வந்திருந்தாலும், சுரங்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். “ஊருக்குள்ள போய்ட்டு வரேன்” என்று ஒருவர் சொன்னால், ஊருக்கு வெளியே இருப்பவர் சொல்கிற வார்த்தை அது. “ஊர்க்காரங்க” என்றால் மற்றவர்கள். பக்கத்து மாவட்டத்துக்காரன் வந்து “எந்த ஊர்?” என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லலாம், அடுத்த கேள்வி “ஊரா, காலனியா?” என்று வரும். என் ஆயா அந்தக் கேள்வியைச் சொல்லும்போது சிரிப்பாள். சிரிக்கிற விஷயமில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. வட ஆற்காட்டுச் சேரிகளில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் எங்கே கூலி கிடைக்கும் என்று அலைந்த காலத்தில்தான், 1880-ல், லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி மைசூர் சமஸ்தானத்துப் பொட்டல் காட்டில் இறங்கியது. மேஸ்திரிகள் கிராமம் கிராமமாக முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். 1894-ல் பங்காரப்பேட்டையிலிருந்து, அன்றைக்கு அதற்குப் பெயர் பவுரிங்பேட்டை, மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை வந்தது. தினமும் நீங்கள் போய்வருகிற அதே பாதை. அந்த வண்டி அன்றைக்கு ஆட்களை இங்கே கொண்டுவந்து கொட்டியது, இன்றைக்கு இங்கிருந்து அள்ளிக்கொண்டு போகிறது.

நம் ஊர்ப் பெயரையும் ஒரு முறை காதில் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘கோலார் கோல்ட் ஃபீல்ட்ஸ்’, சுருக்கமாக கே.ஜி.எஃப்., என்று வைத்தார்கள். தங்கம் கிடக்கும் நிலப்பரப்பு, அவ்வளவுதான் பொருள். தமிழில் சொன்னவர்கள் அந்த ‘ஃபீல்ட்ஸை’ ‘வயல்’ ஆக்கிவிட்டார்கள். தங்கவயல். ஆண்டையின் வயலில் தலைமுறை தலைமுறையாக நடவு நட்டு, ஒரு சாண் வயலும் சொந்தமில்லாமல் வந்தவர்களின் வாயில் இந்தப் பெயர் எப்படி விழுந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. வயல் என்றுதான் வந்தார்கள். இந்த வயலும் அவர்களுடையது இல்லை.

எதுவுமே அவர்களுடையது இல்லை என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய படங்களைப் பார்த்துவிட்டு ‘குட்டி இங்கிலாந்து’ என்று உருகுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கிளப், கோல்ஃப் மைதானம், ஓடு வேய்ந்த பங்களா, ரோஜாத் தோட்டம். அதெல்லாம் இருந்தது, பொய்யில்லை. பங்களாக்கள் இருந்த மேட்டுக்குக் கீழே மூங்கில் தட்டியால் அடைத்த குடிசைகள் வரிசை வரிசையாக நின்றன. வரிசையாக நின்றதால் ‘லைன்’. தட்டி வீடு ஓட்டு வீடானது பிறகு. வேலை இருக்கிற வரை வீடு, வேலை போனால் வீடும் போச்சு. தண்ணீர் கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. வீட்டுச் சுவரில் எண் கம்பெனி போட்டது. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள். பெங்களூரின் தெருவிளக்கு எரிவதற்கு மூன்று வருஷம் முன்பே நமக்கு மின்சாரம் வந்தது என்று பெருமை பேசுவோம். அது சுரங்கத்து இயந்திரங்களுக்காக வந்த மின்சாரம். தட்டி வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நமக்குக் குடிதண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அது பாலாற்றின் தண்ணீர். அதே பாலாறுதான் கீழே இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் போகிறது. ஆற்றின் கீழ்ப்பக்கம் குடிக்கத் தண்ணீரில்லாமல் கிளம்பியவர்கள் ஆற்றின் மேல்பக்கம் ஏறிவந்து அதே ஆற்றைக் குடித்தார்கள். என் ஆயாவுக்கு இந்தப் பூகோளம் தெரியாது. “தண்ணி ஒண்ணுதாண்டா, அங்க குடுக்கிறவன் வேற, இங்க குடுக்கிறவன் வேற” என்று மட்டும் சொல்வாள்.

சொந்தமாக ஒரு செங்கல் கூட இல்லாத இடத்தை எப்படி ஊர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்? எனக்குத் தோன்றுவது இது: கம்பெனி கொடுத்தவற்றால் இல்லை. கம்பெனி கொடுக்காதவற்றைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டதால்.

பகலெல்லாம் பாறைக்கு அடியில் கிடந்தவர்கள், ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பத்திரிகை படித்தார்கள். 1907-ல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது, அதற்கு வாசகர்களும் கட்டுரை எழுதுகிறவர்களும் காசு சேர்த்து அனுப்புகிறவர்களும் தங்கவயலில் இருந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அவர் வழியில் பௌத்த சங்கங்கள் எழும்பின. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். நாம் யார், நம்மை ஏன் ஊருக்கு வெளியே வைத்தார்கள், இந்த நாட்டில் நமக்கு என்ன பழைய வரலாறு என்று சுரங்கக் கூலிகள் வாதாடினார்கள். பண்டிதர் 1914-ல் காலமானார். பத்திரிகையும் பிறகு நின்றுபோனது. 1926-ல் பண்டிதர் வழிவந்த ஜி. அப்பாதுரையார் அதை மறுபடி எடுத்து நடத்தினார். எங்கிருந்து? தங்கவயலிலிருந்து. இங்கே சித்தார்த்தா அச்சுக்கூடம் இருந்தது, சித்தார்த்தா புத்தகசாலை இருந்தது. சென்னை விட்டதை இந்தப் பொட்டல் மேடு எடுத்துச் செய்தது.

படிக்காதவர்கள் என்று நம்மைச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சாம்பியன் ரீஃபில் புத்தகம் அச்சான காலத்தில் பல தாலுகா தலைநகரங்களில் அச்சுக்கூடமே இருக்கவில்லை.

இன்னொரு விஷயம், 1930. வேலையாட்களின் கைரேகையை வாங்கிப் பதிவு செய்ய கம்பெனிகள் ஏற்பாடு செய்தன. கைரேகை எடுப்பது திருடனிடம். அப்படித்தான் அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். தங்கத்தைத் தோண்டி எடுத்துக் கொடுக்கிறவனைத் திருடனாக எழுதி வைப்பதா என்று கேட்டார்கள். அந்த ஏப்ரலில் 21 நாள் ஒருவரும் இறங்கவில்லை. கூலி உயர்வுக்காக மட்டும் தொழிலாளி சண்டை போடுவான் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வேலைநிறுத்தம் விளங்காது. கடைசியில் கைரேகைத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பதினாறு வருஷம் கழித்து, 1946 நவம்பர் 4-ஆம் தேதி, போலீஸ் சுட்டதில் 6 தொழிலாளர்கள் செத்தார்கள். வருஷா வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யோற்சவக் கொடி ஏறுகிறது. மூன்று நாள் கழித்து நம் ஆட்கள் அந்த ஆறு பேரின் நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள். முதல் தேதியைக் கர்நாடகம் முழுக்கக் கொண்டாடுகிறது. நாலாம் தேதி தங்கவயலுக்கு மட்டும் உள்ள தேதி.

ஒரு இடத்துக்கென்று மட்டும் ஒரு தேதி இருப்பது சின்ன விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். நானே பார்த்த ஒன்று உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். அவ்வளவு ஆழத்தில் பாறை தன் மேலுள்ள பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். கீழே வெடித்தால் மேலே லைனில் பாத்திரம் அலமாரியிலிருந்து விழும். நான் சிறுவனாக இருந்தபோது, பாத்திரம் விழுந்த அடுத்த நிமிஷம் தெருவில் பெண்கள் நிற்பார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஷாஃப்ட் வாசலுக்கு நடப்பார்கள். நைட் ஷிஃப்ட்டில் புருஷன் இருக்கிறவள் மட்டுமில்லை. பகல் ஷிஃப்ட் முடித்துவிட்டு வீட்டில் தூங்குகிறவனின் மனைவியும் போவாள். அவளுக்கு அங்கே வேலை இல்லை. அவளுடைய ஆள் பத்திரமாக இருக்கிறான். ஆனாலும் போவாள். கூண்டு மேலே வந்து கடைசி ஆள் இறங்குகிற வரை நிற்பாள்.

எங்கள் நைனா ஒரு நாளும் ஊர்ப்பற்று, மண்பற்று என்று பேசி நான் கேட்டதில்லை. அவர் முட்டுக்கொடுத்த மரத்துக்கு அடியில் நின்று வேலை செய்தவர்கள் உயிரோடு மேலே வந்தார்கள். வேறு யாரோ முட்டுக்கொடுத்த மரத்துக்கு அடியில் அவர் நின்றார். அங்கே யாருக்கு யார் என்ன சொந்தம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

(அந்த ஆழத்தை உலகம் வேறு ஒன்றுக்கும் தேடிவந்தது. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சாம்பியன் ரீஃபுக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கருவிகள் வைத்து, 1965-ல் வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். எதுவும் ஊடுருவாத இடத்தில் எதையும் ஊடுருவுகிறதைத் தேடினார்கள். இயற்பியல் புத்தகத்தில் ‘கே.ஜி.எஃப்.’ என்று வரும் பக்கம் அது. நம் பள்ளிக்கூடங்களில் அதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?)

இதுவரை சொன்னதைப் படித்தவுடன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருப்பீர்கள். நானும் இப்படித்தான் வெகுகாலம் நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சேரியிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து ஓர் ஊர் உண்டாக்கினோம், இங்கே நம்மை வெளியே நிறுத்த ஆள் இல்லை என்று.

அது முழு உண்மையில்லை.

லைன் வீட்டில் கழிப்பறை கிடையாது. லைனுக்குப் பொதுவாக வரிசைக் கக்கூஸ், எடுப்புக் கக்கூஸ். விடிகாலையில் அதை வாரி அள்ளிக்கொண்டு போகத் தெலுங்கு பேசுகிற ஆட்கள் வந்தார்கள். அவர்களும் கம்பெனித் தொழிலாளிகள்தான். நம்மைப் போலவே தீண்டாமையை முதுகில் சுமந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தனி லைன். அந்த லைன் பிள்ளைகளோடு நாங்கள் கோலி விளையாடவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. நாங்கள் ஊராகிவிட்ட அன்றைக்கே அவர்களைச் சேரியாக்கியிருந்தோம். யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களை எப்படி வைத்தார்களோ அதை அப்படியே கற்றுக்கொண்டிருந்தோம்.

அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1966-ல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். தன் குடும்பத்தாரும் சொந்தங்களும் தங்கவயல் கக்கூஸ்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகு, அந்த வேலையையே ஒழிப்பதற்குக் கிளம்பினார். சபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கம் இந்தியா முழுக்கப் பரவியது. 2016-ல் மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. தங்கவயல் பெற்ற பிள்ளைகளில் உலகம் அறிந்த பெயர் இது. நம் வீடுகளில் இந்தப் பெயர் எத்தனை முறை உச்சரிக்கப்படுகிறது? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். தங்கவயல் பெருமை பேசுகிற கூட்டங்களில் கால்பந்து வரும், ஹாக்கி வரும், தேவாலயத்து மணி வரும். கக்கூஸ் லைன் வராது.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நம் கேள்விக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம். ஓர் இடத்தில் நமக்கு ஒட்டுதல் வருவதற்கு வெகு சுலபமான வழி, வேறு யாரையாவது வெளியே நிறுத்துவது. நாம் அந்த வழியையும் கொஞ்சம் உபயோகித்தோம்.

வெளியே நிறுத்தப்படுவதன் ருசி நமக்குத் தெரியாததில்லை. 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது நாம் மைசூர்ப் பக்கம் இருந்தோம். கர்நாடகத்தில் நாம் தமிழர். வேலூருக்குப் போனால் “நீங்க கன்னடக்காரங்கதானே” என்பார்கள். காவிரியில் தண்ணீர் குறைகிற வருஷமெல்லாம் இந்த வண்டியில் பேச்சின் சத்தமும் குறைந்துவிடும் என்று ஒரு தம்பி சொன்னார். அ.தி.மு.க., இந்தியக் குடியரசுக் கட்சி, கம்யூனிஸ்ட் என்று எல்லாக் கொடியிலும் இங்கிருந்து பெங்களூர் சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். அதை வெளியூர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. எந்தத் தலைநகரமும் தன்னுடையது என்று எண்ணாத ஊர் வேறு எப்படி ஓட்டுப் போடும்?

தமிழ் வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துபோனதற்கு வருத்தப்படுகிறவன் நான். ஆனால் அந்தப் பெண் பெங்களூரில் கன்னடம் பேசி வேலை பார்த்து, வண்டியில் தெலுங்குப் பாட்டுக் கேட்டு, அம்மாவிடம் தங்கவயல் தமிழில் பேசுகிறாளே, அவள் எதையோ இழந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சினிமா வேறு வந்துவிட்டது. 2018-ல் நம் ஊர்ப் பெயரில் வந்த கன்னடப் படத்துக்குப் பிறகு “எந்த ஊரு?” என்றால் “கே.ஜி.எஃப்.” என்று சொல்ல முடியவில்லை, எதிராளி உடனே ஹீரோ வசனம் பேசுகிறான் என்று சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சலித்துக்கொண்டார். படத்தில் வருவது நம் ஊர் இல்லை, நம் ஊரின் பெயர். 2024-ல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வட ஆற்காட்டிலிருந்து கிளம்பி வந்தவர்களின் பக்கம் கேமராவைத் திருப்பியது. அதற்காக அவருக்கு நன்றி. ஆனால் ரெண்டு படத்திலும் இல்லாத ஒன்று உண்டு. சுரங்கம் மூடிய பிறகும் இங்கேயே கிடக்கிற நீங்கள்.

1962-ல் மத்திய அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. பிறகு, எடுக்கிற தங்கத்தைவிட எடுக்கிற செலவு அதிகம் என்றார்கள், மூடினார்கள். மூடியபோது எல்லாரும் எதிர்பார்த்தது ஊர் காலியாகிவிடும் என்பதுதான். உலகத்தில் எத்தனையோ சுரங்க ஊர்கள் அப்படிப் பேயூர் ஆகியிருக்கின்றன. வேலைக்காக வந்தவர்கள், வேலை போனதும் போய்விடுவார்கள். கணக்கு சரி. நான் அந்தக் கணக்குப்படி போனவன். நீங்கள் போகவில்லை. 100 கிலோமீட்டர் தள்ளி வேலை கிடைத்தது, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிடலாம். வாடகை கட்டாது என்பது ஒரு காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகை கட்டுகிற நிலைக்கு வந்த பிறகும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். எனக்கு இடம் விட்ட செக்யூரிட்டி அண்ணனே அப்படித்தான். “ஏன்ணா?” என்று கேட்டேன். “அங்க நான் செத்தா தூக்கறதுக்கு நாலு பேர் வேணும் இல்ல?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு நான் போய்க்கொண்டிருந்ததும் ஒரு சாவுக்கு. அங்கே போனபோது நாற்பது பேர் தூக்க நின்றார்கள். எனக்கு ஆவடியில் நாலு பேர் இருக்கிறார்களா என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுதவில்லை.

ஆகவே ஊர் உங்களுடையது. என்னுடையது நினைவு மட்டும். வெளியே போனவர்கள் ஊரைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுத்தால் காது கொடுக்காதீர்கள், இந்த மடல் உட்பட. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், அதைச் செய்யுங்கள்.

லைன் வீடுகளின் பத்திரத்துக்காக இன்னும் மனுவோடு அலைகிறீர்கள். அந்தச் சண்டையை விடாதீர்கள். அது சட்டத்தின் சண்டை. ஆனால் தங்கம் பிரித்த கழிவு குவிந்த நம் சயனைட் மேடுகளும் போகப்போகின்றன. அந்த 13 மேட்டிலும் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காற்றடித்தால் கண்ணிலும் மூச்சிலும் புகுகிற அந்தச் சாம்பல் தூசி போவது நல்லதே. ஆனால் நம் தாத்தாக்கள் தோண்டியதற்குக் கண்ணால் பார்க்கும்படி மிஞ்சியிருப்பது அந்த மேடுகள்தான். அவை கரைந்தால், இங்கே யார் இருந்தார்கள் என்பதற்குத் தாள் மட்டுமே சாட்சி. தாள் எங்கே இருக்கிறது? தகரப் பெட்டியில், அலமாரி மேல்தட்டில், செத்துப்போன தாத்தாவின் பையில்.

1999-ல் ஆய்வாளர் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசரின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது என்றால், அரசாங்கமோ பல்கலைக்கழகமோ அவற்றைக் காப்பாற்றி வைத்ததால் இல்லை. நம்மைப் போன்றவர்களின் வீடுகளில் யாரோ பழைய இதழ்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் கட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் வண்டியில் இருக்கிறீர்கள். பெட்டிக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். சீட்டாட்டம் நடக்கட்டும், நான் கெடுக்க வரவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் போதும். எந்த லைன், எத்தனையாவது வீடு, முதலில் வந்தவர் பெயர், எந்தக் கிராமத்திலிருந்து, எந்த சுரங்கத்தில் என்ன வேலை. பாட்டி கல் பொறுக்கியிருந்தால் அவள் பெயர். கீழே செத்தவர் இருந்தால் அந்தத் தேதி. வீட்டில் சம்பளச் சீட்டு, யூனியன் ரசீது, பழைய பத்திரிகை, வில்லை எது இருந்தாலும் போனில் படம் எடுத்து வையுங்கள். தமிழில் எழுதுங்கள், கன்னடத்தில் எழுதுங்கள், எதில் வருகிறதோ அதில்.

எல்லா லைனும் என்றால் எல்லா லைனும். தனியாக வைத்த லைனையும் சேர்த்து.

என் பங்குக்கு நான் ஆவடியில் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். எங்கள் லைனில் இருபது வீட்டுப் பெயர்கள் மளமளவென்று வந்துவிட்டன. அடுத்து, எங்கள் கக்கூஸுக்கு விடிகாலையில் வந்த அம்மாவின் பெயரை எழுத உட்கார்ந்தேன். பத்து வருஷம் தினமும் பார்த்த முகம். பச்சைக் கண்டாங்கி, வலது கையில் செம்புக் காப்பு. பெயர் தெரியவில்லை. என் அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். சாம்பியன் ரீஃப் பக்கம் 1970-களில் இருந்தவர்கள் உங்களிலோ உங்கள் வீட்டிலோ யாராவது இருந்தால், கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய லைன்காரன்